காலும் கரடும்

அப்போஸ்தலர் நடபடிகளின் மூன்றாம் அதிகாரத்தில், எருசலேம் தேவாலயத்து அலங்கார வாசலண்டை கிடந்த பிறவி முடவன் ஒருவன் எழுந்து நடந்த வரலாறு கூறப்படுகின்றது. அவ்விடத்துக் கால்கள் வலிமை பெற்றன என்ற அளவில் நில்லாது, கரடுகளையும் ஆசிரியர் தனியே எடுத்து மொழிகின்றார். கரடு என்பது கணுக்கால். பரடு என வழங்குவதும் அதுவே. அந்நூலை இயற்றிய லூக்கா ஒரு வைத்தியர் என்பது திருச்சபையின் மரபு. வைத்தியர் அல்லாத பிறர் கால் என்ற ஒரு சொல்லோடு அமைந்திருப்பர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

தமிழ் பயிலும் மாணாக்கன் என்பு மருத்துவத்தைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இதற்குக் காரணம் திண்டிவனத்திலிருக்கும் என் பாட்டியாரின் வலக்குதிகால். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களையும் சேர்த்தால் உடலிலுள்ள 206 எலும்புகளுள் நாலிலொரு பங்கு அங்கேயே அடங்கிவிடும். இவ்வெலும்புகள் செங்கல் அடுக்கினாற்போல் தட்டையாக அடுக்கப்படாமல், பாலத்தின் வளைவுபோல் அமைந்து, உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் ஒரு தடித்த நாரினால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வில்லும் நாணும் போன்றது இவ்வமைப்பு. நாம் அடி வைக்குந்தோறும் வில் சற்றே தாழ்ந்து, அடி எடுக்குந்தோறும் மீண்டும் நிமிர்கின்றது. கணுக்காலோ ஒரு கவட்டில் பொருத்திய கட்டைபோன்றது. முழந்தாளின் கீழுள்ள இரண்டு எலும்புகளும் இருபுறமும் இறங்கிக் கவடாக நிற்க, பரட்டெலும்பு அதனிடையே ஆடுகின்றது. இப்பரட்டெலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் ஒடுங்கியும் இருக்கும். ஆகவே பாதம் மேல்நோக்கி மடங்கி நிற்கையில் அகன்ற பகுதி கவட்டினுள் இறுகப் பொருந்தும். விரல் கீழ்நோக்கிச் சாய்கையில் ஒடுங்கிய பகுதி வந்து நின்று மூட்டு நெகிழ்ந்துவிடும்.

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி மேல் ஏறினோர் இதனைத் தம் காலாலேயே அறிவர். ஏறும்போது மூச்சு வாங்குமேயன்றிக் கால் பிறழ்வது அரிது. படியிறங்கும்போதோ விரல் முன்சாய்ந்து, மூட்டு நெகிழ்ந்து, ஒரு கல் புரண்டாலும் பாதம் உட்புறமாக மடிந்து, வெளிப்புறத் தசைநார் கிழிந்துவிடும். சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுவே. விழுப்புரம் சந்திப்பின் மேம்பாலப் படிகளில் வண்டி பிடிக்க ஓடி இறங்குவோர்க்கும் இதே கதிதான்.

சுளுக்கிய கால் வீங்கியவுடன் எண்ணெய் தடவி நீவுவது நம் ஊர்களின் வழக்கம். நீவுவோரின் அன்பை யான் குறை கூறேன். ஆயினும் கிழிந்த நாரிலிருந்து குருதி கசியும் முதல் இரண்டு மூன்று நாட்களில் நீவலும் சூடும் வீக்கத்தைப் பெருக்குமேயல்லாது குறைப்பனவல்ல. அந்நாட்களில் காலுக்கு ஓய்வு தந்து, துணியிற் பொதிந்த பனிக்கட்டியால் சிறிது நேரம் ஒத்தி, மிதமாகக் கட்டி, தலையணைமேல் உயர்த்தி வைத்தலே தக்கது. பின்னர் வலி பொறுக்குமளவிற்கு மெல்ல அசைத்துப் பழக வேண்டும். வாரக்கணக்காகக் கிடத்தி வைத்தலும் தவறே. ஒற்றைக்காலில் நின்று பழகும் எளிய பயிற்சி, மீண்டும் மீண்டும் சுளுக்குவதைத் தடுப்பதற்குப் பெரிதும் உதவும்.

இனி, சுளுக்கோ முறிவோ என அறிவதெங்ஙனம்? கனடா தேசத்து ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் இதற்கொரு விதி வகுத்து வெளியிட்டனர். கணுக்காலின் உட்புற மொழியையேனும் வெளிப்புற மொழியையேனும் பின்விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்துகையில் எலும்பிலேயே வலி தோன்றுமாயின், அல்லது அடிபட்டவுடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க இயலாதாயின், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். பாதத்தின் நடுவிலும் இவ்வாறே அழுத்திப் பார்க்கும் இடங்கள் இரண்டு உண்டு. இவ்வளவு எளிய விதி உலகெங்கும் பரவியமைக்குக் காரணம், அது வீண் படங்களைக் குறைத்தும் முறிவுகளைத் தவறவிடாமலும் இருந்தமையே. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொள்வோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். கட்டிய பின் விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ மரத்தோ போனாலும், வலி தணியாது ஏறிக்கொண்டே போனாலும், விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குருதியோட்டம் நின்ற கால் விடியும்வரை காத்திராது.

பிறவியிலேயே பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று உண்டு. முன்னாளில் இதற்குப் பெரிய அறுவைகள் செய்தனர். ஸ்பெயின் நாட்டிற் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணிபுரிந்த இக்னாசியோ பொன்செட்டி என்பார், வாரமொருமுறை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு, சில வாரங்களிலே பாதத்தை நேர்ப்படுத்தும் முறையைக் கண்டார். கடைசியில் குதிநாணில் ஒரு சிறு வெட்டு, அதன்பின் நான்கு வயதுவரை இரவிற் பூணும் ஒரு காலணி, அவ்வளவே. கிரகணத்தின் பயன் என்று தாயைக் குற்றஞ்சாட்டிக்கொண்டு மாதங்களைக் கழிக்கும் குடும்பங்கள் இன்றும் நம் பக்கத்தில் இல்லாமலில்லை. பிறந்த சில நாட்களிலேயே தொடங்கத்தக்க வைத்தியம் இது.

நம் ஜில்லாவின் கால்கள் உழைக்கும் கால்கள். மரக்காணத்து உப்பளங்களில் உவர்நீரிலே வெறுங்காலோடு நிற்போர், நாற்று நடவில் நாள்முழுதும் சேற்றில் நிற்கும் பெண்டிர், கரும்புத் தோட்டத்தில் தோகைமேல் நடப்போர் ஆகிய இவர்கட்குப் பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் கால் ஆணியும் நோய் என்ற எண்ணிக்கையிலேயே சேர்வதில்லை. விரலிடுக்கில் வெடித்த சிறு புண் வழியே கிருமி புகுந்து, யானைக்கால் உள்ளவர்க்கு அடிக்கடி காய்ச்சலும் வீக்கமும் உண்டாகின்றன. நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமற ஒற்றினாலே அக்காய்ச்சல் பெரிதும் குறைகின்றது. இச்சிறு செயலை ஒருவரும் பெரிதாக எண்ணுவதில்லை.

குதிகால் வலியே என் கதைக்கு உரியது. காலையில் பாயைவிட்டு எழுந்து முதலடி வைக்கையில் குதிகாலில் ஊசி தைத்தாற்போல் வலித்து, பத்தடி நடந்தபின் சற்றே தணியுமாயின், அது மேற்கூறிய வில்லின் நாண் குதியெலும்பில் பற்றும் இடத்தில் நைந்தமையால் வருவது. கெண்டைக்கால் தசையையும் உள்ளங்காலையும் நாள்தோறும் இழுத்து நீட்டும் பயிற்சியாலும் மெத்தென்ற காலணியாலும் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் நீங்கும். எக்ஸ்ரே படத்தில் முள்போல் நீண்டிருக்கும் எலும்பைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அம்முள் உண்டு. நம் வீடுகளில் இதற்குச் செய்வது, செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து அழுத்துதல். சூடு பட்டவுடன் இதமாயிருக்கும்; மிகுந்தால் காலை இழுத்துக்கொள்வர். உணர்ச்சியுள்ள காலுக்கு அதனால் தீங்கு மிகுதியில்லை.

என் பாட்டியார்க்கு நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு குதிகால் வலிக்கு அவ்வாறே செங்கல் சுடவைத்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை. இதமாகவும் இல்லை, சுடவுமில்லை என்று இன்னும் சிறிது நேரம் வைத்திருந்தார். மறுநாள் பாயில் ஈரம் கண்ட பின்னரே குதிகால் வெந்து கொப்புளித்து உடைந்ததை வீட்டார் அறிந்தனர். ஒரு மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு, வலிக்கவில்லையாதலின் பாதகமில்லை என்று அவர் மூன்று வாரம் நடமாடினார். அவ்வார்த்தையை நாங்களும் நம்பினோம். வலியின்மையே நோய் என்பதை எங்களில் எவரும் அறிந்திலோம்.

நீரிழிவு நாளடைவில் நரம்புகளைக் கெடுக்கின்றது. மிக நீண்ட நரம்புகளே முதலிற் கெடுமாதலால், கேடு கால்விரலில் தொடங்கி மேலேறும். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் கணக்குப்படி, நம் தேசத்தில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவருள் எத்தனையோ பேர் தம் கால் மரத்திருப்பதை அறியாமலே நடக்கின்றனர்.

மரத்த காலைக் காக்கும் வழியை உலகிற்குக் கற்பித்ததில் நம் நாட்டிற்கு, அதிலும் நம் பக்கத்திற்கு, ஒரு பங்குண்டு. அவ்வரலாறு திண்டிவனத்தில் தொடங்குகின்றது எனலாம். 1890-களின் தொடக்கத்தில், ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் மகளாகிய ஐடா, நோயுற்ற தாய்க்கு உதவியாகத் திண்டிவனத்து மிஷன் பங்களாவில் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையிலிருக்கும் தம் மனைவியர்க்கு உதவும்படி வேண்டினர். ஆண் வைத்தியர் வரலாகாது என்றமையால், ஐடாவின் தந்தையாரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று சுகவாழ்வு வாழ எண்ணியிருந்த அப்பெண், மருத்துவம் கற்கத் துணிந்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தது. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று யாவரும் அறிவது அதுவே.

அக்கல்லூரிக்கு 1946-இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்டு. அவர் 1914-இல் மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்து, இளமையில் கொல்லிமலையின் பாதைகளில் ஓடியாடி வளர்ந்தவர். குஷ்டரோக வல்லுநரான டாக்டர் இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுக் குஷ்டரோக நிலையத்திற்கு அழைத்துச் சென்று, இந்நோயாளிகளின் முடங்கிய கைகளையும் புண்பட்ட கால்களையும் என்பு வைத்தியர் ஒருவரேனும் ஏன் ஆராயவில்லை என்று வினவினார். செங்கற்பட்டு நம் திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் அதே இருப்புப்பாதையில் உள்ளது. அங்கே விரல் முடங்கிய ஒருவரின் கையைப் பற்றிய பிராண்டு, அப்பிடியின் வலிமையால் தம் கை நோவக் கண்டு, இக்கையில் எல்லாத் தசைகளும் சாகவில்லை என்று தெளிந்தார். பிழைத்திருக்கும் தசையின் நாணை எடுத்துச் செயலற்ற இடத்திற்கு மாற்றியமைக்கும் அறுவை அதிலிருந்து பிறந்தது. காலுக்கும் அவ்வாறே. முழந்தாளின் புறத்தே ஓடும் நரம்பு கெட்டமையால் பாதம் தொங்கி விரல் இழுபட நடப்போர்க்கு, கணைக்காலெலும்பின் பின்னுள்ள தசையின் நாணைப் பாதத்தின் மேற்புறம் கொணர்ந்து இணைத்தனர். தொங்கிய பாதம் நிமிர்ந்தது.

அதனினும் பெரிது மற்றொன்று. குஷ்டரோகிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்டும் அவர்தம் தோழரும் நாள்தோறும் ஆராய்ந்து, உதிர்ந்த ஒவ்வொன்றிற்கும் ஒரு காரணத்தைத் தேடினர். கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றியது, ஆணி தைத்த செருப்போடு நடந்தது என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. இரவிலே விரல் குறைந்தமைக்குக் காரணம் தெரியாது விழித்திருந்து பார்த்தபோது, எலி கடிப்பது தெரிய வந்தது. உறங்குவோர் உணரவில்லை. அதன்பின் நோயாளிகட்குப் பூனைகள் வழங்கப்பட்டன. ஆக, குஷ்டம் நேரே விரலைத் தின்பதில்லை. வலியைத் தின்றுவிடுகின்றது, எஞ்சியதை உலகம் செய்துவிடுகின்றது.

உள்ளங்காற் புண் ஆறாமைக்கும் காரணம் இதுவே. நமக்குக் காலில் கொப்புளம் உண்டானால் நாம் அறியாமலே நொண்டுகின்றோம், நொண்டுதலே சிகிச்சை. மரத்த காலோ புண்மேலேயே ஊன்றி ஊன்றி நடக்கும். ஆகவே முழங்காலின் கீழ்வரை பாதத்தோடு ஒட்டப் பொருந்தும் மாவுக்கட்டுப் போட்டு, உடற்பாரத்தைப் பாதம் முழுதும் காலிலும் பரப்பிவிட்டால், பல ஆண்டு ஆறாத புண்ணும் சில வாரங்களில் ஆறுவதைக் கண்டனர். இந்தியாவில் ஜோசப் கான் என்னும் மருத்துவர் 1930-களிலேயே இம்முறையைக் கையாண்டிருந்தார். வேலூரிலும், அதனருகே 1955-இல் எழுந்த கரிகிரி நிலையத்திலும் அது செப்பமுற்றது. ஆறிய கால் மீண்டும் புண்படாதிருக்க நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற மிதியடிகள் செய்தனர். பிராண்டு 1966-இல் அமெரிக்காவின் கார்வில் நகரத்துக் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது, அங்குள்ள நீரிழிவுடையோரின் கால்களிலும் இதே புண்ணைக் கண்டு, இதே கட்டைப் போட்டார். செங்கற்பட்டிலும் வேலூரிலும் கற்ற பாடம் அவ்வழியே உலகின் நீரிழிவு வைத்தியத்துள் புகுந்தது.

பிராண்டின் வாழ்வில் ஓர் இரவு மறக்கற்பாலதன்று. 1953-இல் அமெரிக்கப் பயணம் முடித்து இலண்டன் வந்து சேர்ந்த அன்று, காலுறையைக் கழற்றுகையில் தம் குதிகால் மரத்திருப்பதை உணர்ந்தார். ஊசியால் குத்தினார், வலியில்லை. தமக்கும் குஷ்டம் வந்துவிட்டது, மனைவி மக்களை விட்டு விலகி வாழ வேண்டுமே என்று இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்தபின் மீண்டும் குத்த, 'ஆ' என்று அலறினார். நெடுநேரம் இரயிலில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தமையால் நரம்பு அமுங்கியிருந்தது; அவ்வளவே. வலிக்காகக் கடவுளுக்கு அன்று அவர் செலுத்திய நன்றி, தம் வாழ்நாள் முழுதும் அவர் பேசிய பேச்சாயிற்று. இதனைப் படித்த நாளில் யான் பாட்டியாரின் செங்கல்லை நினைத்தேன்.

அவர் புண்ணுக்கும் கடைசியில் இக்கட்டே போடப்பட்டது. அழுகல் நீக்கி, குருதியோட்டம் நன்றாயிருப்பதைச் சோதித்து, எலும்பில் கிருமி ஏறவில்லை என்று உறுதிசெய்து, பின் கட்டினர். இம்மூன்றும் சரியாயிருந்தமை எங்கள் நற்பேறு. இல்லையேல் கால் எடுபட்டிருக்கும். வாரந்தோறும் கட்டு மாற்றி, ஒன்பதாம் வாரத்தில் தோல் மூடியது. நைலான் இழையொன்றை வளையும்வரை உள்ளங்காலில் அழுத்தி, 'தெரிகிறதா அம்மா?' என்று கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டர். ஐந்தாறு இடங்களில் பாட்டியார் விடை கூறவில்லை. இழையொன்று செய்யும் இச்சோதனைக்குச் சில நிமிடங்களே செல்லும். நீரிழிவுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்டுச் செய்துகொள்ளல் வேண்டும்.

மற்றவை வீட்டிலேயே செய்யத்தக்கவை. இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது எங்கள் வீட்டில் என் தங்கையின் வேலை. வெந்நீரின் சூட்டைக் காலால் அறியாமல் முழங்கையால் அறிய வேண்டும். மிதியடியைப் பூணுமுன் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். ஒரு புளியங்கொட்டை போதும், புண்ணாவதற்கு. வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப்பட்டை ஒட்டுவதும் கூடா. வலியின்றியே ஒரு பாதம் திடீரெனச் சிவந்து சூடேறி வீங்குமாயின், சுளுக்கு என்று தள்ளிவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

யாவற்றினும் கடினமானது, எப்போதும் காலணியோடிருத்தல். நம் நாட்டில் செருப்பு வைத்தியப் பொருள் மட்டுமன்று. சில தெருக்களில் சிலர் அதைக் கையிலெடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமை இருந்தது. இன்றும் சில சிற்றூர்களில் முற்றும் ஒழிந்ததென்று சொல்ல இயலாது. தோல் தைப்போரை இழிந்தோர் என்று ஒதுக்கியதும் நம் சமுதாயமே. ஆறிய காலை ஆறியபடியே காப்பது அவர்கள் கைத்தொழில் என்பதை எண்ணினால் வெட்கமாயிருக்கின்றது. ஆகஸ்டு மாதத்தில் விழுப்புரம் வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரையும், பௌர்ணமியில் திருவண்ணாமலையை வலம் வருவோரையும் யான் கண்டிருக்கின்றேன். வெறுங்கால் அவர்தம் பக்தி. அதனை மதிக்கின்றேன், ஆயினும் மரத்த காலுடையோர் அந்நேர்ச்சையை வேறு வகையாற் செலுத்தலாம். எரிகிற முட்செடியண்டை மோசே பாதரட்சையைக் கழற்றினான் என்பர். மெய்தான். கெட்ட குமாரன் வீடு திரும்பியபோது அவன் கால்களுக்குப் பாதரட்சை போடுங்கள் என்று தகப்பன் கட்டளையிட்டதும் அதே வேதத்தில்தான் உள்ளது.

இவ்வாதத்தைப் பாட்டியாரிடம் கூறிப் பார்த்தேன். 'படிச்ச பிள்ளை, நல்லாத்தான் பேசுறே. அதுக்காகக் கோயிலுக்குள்ள செருப்போட நுழையச் சொல்றியாடா?' என்றார். அறுபது ஆண்டுகளாக ஆலயத்து வாசலில் மிதியடியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தவர் அவர். இரண்டு ஞாயிறு ஆலயத்திற்கே போகாமல் வீட்டிலிருந்து அழுதார். ஐயரவர்கள் நேரே வந்து, அம்மா, நீங்கள் அணிந்தே வரலாம் என்று சொல்லியும் மனம் இசையவில்லை. கடைசியில் என் தாயார் ஒரு வழி கண்டார். இன்னொரு இணை மிதியடி செய்வித்து, தெருவில் படாதபடி அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, ஆலயத்துப் படியில் உட்கார்த்தி மாற்றிவிடுகின்றார். இவை தெருமண் அறியாதவை என்று பாட்டியார் பக்கத்திலிருப்போரிடம் தாமே விளக்குகின்றார். சென்ற மாதம் அவ்வரிசையிலிருந்த வேறொரு முதியவளும் தமக்கு அத்தகைய ஒரு இணை எங்கே தைத்துத் தருவார்கள் என்று கேட்டாராம்.